லோடு ஏற்றினால் லாரி இழுக்கலையா? என்ஜினை பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

பாகூர்:

அறுவடை முடிந்தால் நெல் மூட்டை. வெட்டு தொடங்கினால் கரும்பு. வீடு கட்டுபவர்களுக்கு ஜல்லி, செங்கல். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த பாகூரில் லாரி சக்கரம் சுற்றினால்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

அந்த லாரி ஒருநாள் திடீரென்று மக்கர் பண்ணும். காலியாக போகும்போது பிரச்சினை இருக்காது. லோடு ஏற்றியதும் மூச்சு வாங்கும். மேம்பாலம் ஏறுவதற்குள் கியரை இறக்கிக்கொண்டே வர வேண்டும். "வண்டி இழுக்கலைண்ணே" என்று டிரைவர் ஒர்க்ஷாப்பில் வந்து நிற்பார்.

இதில் போவது வாடகை மட்டுமல்ல. நான்கு வழிச்சாலையில் ராத்திரி நேரம் ஊர்ந்து போகும் லாரி மீது, பின்னால் வேகமாக வரும் வாகனம் மோதினால் உயிரே போகும்.

"பம்பை பிரிக்கணும், என்ஜின் வேலை வந்துடுச்சு" என்று யாராவது சொன்னதும் வட்டிக்கு பணம் வாங்க ஓடுபவர்கள் உண்டு. ஆனால் பல நேரங்களில் கோளாறு ஒரு பில்டரிலோ, கிழிந்த ரப்பர் ஹோசிலோதான் இருக்கும். எனவே செலவு இல்லாத சோதனையில் இருந்து வரிசையாக தொடங்க வேண்டும்.

என்ஜின் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம்

முதலில் பார்க்க வேண்டியது பிரேக். பிரேக் விடாமல் லேசாக பிடித்துக்கொண்டே இருந்தால், எவ்வளவு நல்ல என்ஜினும் திணறத்தான் செய்யும். 10 கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்து டிரம் பக்கத்திலும் புறங்கையை காட்டினால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கேதான் ஜாம். டிரம்மை தொடக்கூடாது, கை வெந்துவிடும்.

அடுத்து கிளட்ச். ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் சிலிப் ஆகிறது.

டயரில் காற்று குறைவு, அளவுக்கு மீறிய லோடு ஆகியவையும் இழுவையை தின்னும். பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டர் கம்பி தளர்ந்து, பெடலை முழுசாக மிதித்தாலும் பம்பு முழுசாக திறக்காமல் இருப்பது உண்டு. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பம்பு பக்கம் நின்று பார்த்தால் போதும்.

வண்டிக்கும் மூச்சு முட்டும்

ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிவதற்கு சுமார் 10 ஆயிரம் லிட்டர் காற்று தேவை. அவ்வளவும் ஏர் பில்டர் வழியாகத்தான் போக வேண்டும். வைக்கோல் தூசி, மண்சாலை புழுதி, ஜல்லி தூள் என்று பாகூர் பக்கம் ஓடும் வண்டி பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோ மீட்டர் வரை காத்திருக்க முடியாது.

பில்டர் பெட்டியில் உள்ள இண்டிகேட்டர் சிவப்பு காட்டினால் உடனே மாற்ற வேண்டும். அழுத்தமான காற்றை பக்கத்தில் வைத்து அடித்தால் பேப்பர் கிழியும். அந்த ஓட்டை வழியாக போகும் தூசி டர்போவையும் பிஸ்டனையும் தேய்த்துவிடும். உள் பில்டரை சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கு போகும் ஹோசில் வெடிப்போ, கிளாம்ப் தளர்வோ இருந்தால் காற்று வழியிலேயே வீணாகும். லோடில் "உஸ்" என்று சத்தம் கேட்கும். லீக் ஆகும் இடத்தில் ஆயில் கறை படிந்திருக்கும்.

டீசலில் தண்ணீர்

தமிழ்நாட்டைவிட புதுவையில் டீசல் விலை குறைவு. அதனால் கடலூர் ரோட்டில் எல்லையை ஒட்டி டேங்க்கை நிரப்புவது லாரிக்காரர்கள் வழக்கம். பங்கில் போடும்போதே டீசல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. விலை மலிவு என்று கேனில் விற்கும் டீசலை தொடவே கூடாது. மண்எண்ணெய் கலந்த டீசலில் வழவழப்பு குறையும், பம்பும் நாசிலும் தேய்ந்துவிடும்.

டேங்க் பாதி காலியாக ராத்திரி முழுவதும் நின்றால் உள்ளே ஈரம் வேர்த்து தண்ணீர் சேரும். டீசல் பில்டருக்கு கீழே உள்ள திருகை தளர்த்தி தண்ணீரை வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இதை தவற விடக்கூடாது.

பில்டர் அடைத்த வண்டி சமரோட்டில் ஓடும், லோடில் திணறும். டேங்க்கில் இருந்து வரும் பைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் காற்று புகுந்து ஏர் லாக் ஆகும். டீசல் ஒழுகாமலே இது நடக்கும். அதுதான் பலரை ஏமாற்றும் இடம்.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது நாசில் டீசலை கொட்டுகிறது என்று அர்த்தம். வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் முதலில் டீசல் வரும் வழியை பார்க்க வேண்டும்.

பி.எஸ்.6 வண்டியில் இந்த கணக்கு செல்லாது. சைலன்சரில் உள்ள வடிகட்டி கரியை பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே டேஷ்போர்டு விளக்குதான் பேசும். வடிகட்டி தன்னைத்தானே சூடாக்கி கரியை எரிக்கும் நேரத்தில், அவசரப்பட்டு என்ஜினை அணைத்துக்கொண்டே இருந்தால் அது அடைத்து இழுவை போய்விடும்.

வயல் யூரியா வேண்டவே வேண்டாம்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. இந்த லாரிகளில் டீசலோடு ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். டெப் என்றும் இதை சொல்வார்கள். சுத்தமான யூரியா 32.5 சதவீதம், மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீர். புகையில் உள்ள நச்சு வாயுவை இது மாற்றிவிடும்.

இது தீர்ந்தாலோ, தரம் கெட்டாலோ முதலில் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டரே இழுவையை சுமார் கால் பங்கு குறைத்துவிடும். அப்போதும் ஓட்டிக்கொண்டே இருந்தால் வண்டி ஆமை வேகத்துக்கு வந்துவிடும். என்ஜின் ஆரோக்கியமாக இருந்தும் வண்டி நகராது.

"வீட்டிலேயே யூரியா மூட்டை இருக்கே, கரைச்சு ஊத்திக்கலாம்" என்ற ஆசை விவசாய ஊரில் வருவது இயல்பு. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆனால் விவசாய யூரியாவுக்கு 2015-ல் இருந்து வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம். அந்த எண்ணெயும், யூரியாவில் உள்ள மற்ற கழிவும் நாசிலில் உப்பாக உறைந்து, சைலன்சரில் உள்ள வினையூக்கியை கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு லட்சத்தை தொடும். மானிய உரத்தை வேறு வேலைக்கு திருப்புவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஆட்புளூ கேனை வெயிலில் வைக்கக்கூடாது. 35 டிகிரி சூட்டில் அதன் ஆயுள் சுமார் 6 மாதம்தான்.

இந்த திரவம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021-ல் தென்கொரியா பார்த்தது. சீனா யூரியா ஏற்றுமதியை கட்டுப்படுத்தியதும் அங்கு லாரிகள் முடங்கும் நிலை வந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்து ராணுவ விமானத்தில் 27 ஆயிரம் லிட்டர் கொண்டு வந்தார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர் பகுதி கிராமங்களில் புகுந்தது. இப்படி தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் பில்டர், டீசல், என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் அனைத்தையும் பார்த்த பிறகே சாவியை திருப்ப வேண்டும்.

தினமும் 10 நிமிடம்

காலையில் வண்டி எடுக்கும் முன் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஆட்புளூ அளவு, டயர் காற்று, ஏர் பில்டர் இண்டிகேட்டர் ஆகியவற்றை பார்க்க வேண்டும். டீசல் பில்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். ஹோஸ்களை கையால் அழுத்தி பார்க்க வேண்டும். லோடு இறக்கியதும் உடனே என்ஜினை அணைக்காமல், 2, 3 நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போ ஆயுள் கூடும்.

விளக்கு எரிந்தால் ஒயரை பிடுங்கி அணைப்பது வைத்தியம் அல்ல. கோளாறு எண்ணை கம்ப்யூட்டரில் பார்த்து சரி செய்ய வேண்டும். மைலேஜ் குறைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் கிலோ மீட்டரை நோட்டில் குறித்து வைக்கும் டிரைவருக்கு, வண்டி வழியில் நிற்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்து, அப்போதும் இழுக்கவில்லை என்றால்தான் நாசில், பம்பு, கம்ப்ரஷன் சோதனைக்கு போக வேண்டும். ஸ்பேனரை எடுப்பது கடைசி வேலை.