பருப்பு கொடுத்தா தடுப்பூசி போடுவாங்களா?

"சமூகத்துக்கு உபயோகமா ஒரு வேலை பார்க்கணும், எனக்கு டேட்டாவும் பிடிக்கும்"னு சொல்றவங்களுக்கான எபிசோட் இது. மக்களுக்கான திட்டங்கள் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு அளந்து பார்க்கிறதே சிலருக்கு முழுநேர வேலை. எப்படின்னு பார்க்கலாம்.

ராஜஸ்தான், உதய்பூர் மாவட்டம். தடுப்பூசி இலவசம். ஆனாலும் அப்போ எல்லா ஊசியும் போட்டு முடித்த குழந்தைகள் ரொம்பக் குறைவா இருந்தாங்க. ஏன்? நம்பிக்கை இல்லையா? நர்ஸ் வர்றதில்லையா? இல்ல, 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடுறாங்களா? உட்கார்ந்து யோசிச்சா மூணுமே சரின்னுதான் தோணும்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ அடங்கிய குழு, சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களைக் குலுக்கல் முறையில் மூணு பிரிவாக்கியது. ஒரு பிரிவில் மாதந்தோறும் தவறாமல் முகாம். இன்னொன்றில் முகாமோடு, ஒவ்வொரு தடவை ஊசி போடும்போதும் 1 கிலோ பருப்பு. எல்லாம் முடிச்சா சாப்பாட்டுத் தட்டுகள். மூணாவது பிரிவில் புதுசா எதுவும் இல்லை.

முடிவு 2010-ல் வெளியானது. எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள், புதுசா எதுவும் செய்யாத கிராமங்களில் 6%, முகாம் மட்டும் நடந்த இடத்தில் 18%, பருப்பும் கொடுத்த இடத்தில் 39%. பருப்பு கொடுத்தும், ஒரு குழந்தைக்கு ஆன செலவு சுமார் பாதியாகக் குறைந்தது! நிறைய பேர் வந்ததால், முகாம் நடத்துற செலவு பல குழந்தைகளுக்குப் பங்காகிவிட்டது.

இந்த வேலைக்குப் பொருளாதாரம், புள்ளியியல், உளவியல் படிச்சவங்க வர்றாங்க. ஆரம்பத்துல லேப்டாப்பைவிட களத்துலதான் அதிக நேரம் போகும். கேள்வித்தாளை உள்ளூர் மொழியில் தயாரிக்கணும், சிலரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்தணும், வந்த பதில்களை மறுபடி சரிபார்க்கணும். "ஊசி போட்டீங்களா?"ன்னு கேட்டா, சங்கடத்துக்காகவே சிலர் "போட்டாச்சு"ன்னு சொல்லலாம். அதனால தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கணும்.

கஷ்டமான பகுதி கடைசியில வரும். அந்த 39 சதவீதத்தையே பாருங்க: பருப்பு கொடுத்த ஊர்லயும் பத்துல ஆறு குழந்தைக்கு ஊசி முடியலை. ஒரு திட்டத்துக்காக வருஷக்கணக்கா உழைச்சவங்க எதிரில் உட்கார்ந்து, "இது எதிர்பார்த்த அளவு பலன் தரலை"ன்னு சொல்ல வேண்டிய நாளும் வரும். அதை மழுப்பினா, அடுத்த ஊர்லயும் அதே பணம் வீணாகும். அதைத் தயங்காம சொல்ல முடியும்னு தோணுதா? அப்போ இந்த வேலை உங்களுக்குத்தான்.