முதுகில் இறங்கும் பேறுகால வேதனை

பிரசவ வேதனையை 'இடுப்புவலி' என்றே நம் மக்கள் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றனர். "மகளுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது" என்ற சொல் ஒன்று போதும். அடுப்பை அணைத்துவிட்டு வீடே எழுந்து நிற்கும். பெரும்பாலான தாய்மாருக்கு இவ்வலி விட்டுவிட்டு வரும். அடிவயிற்றைச் சுற்றி இறுகிப் பின்னர் தளரும். இடையிடையே ஓய்வும் தரும். ஆனால் சிலருக்கோ அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடுகிறது. வலி முழுவதும் நடுமுதுகின் அடியில் வந்து அமர்ந்துகொள்கிறது. வயிறு தளர்ந்த பின்னும் முதுகு நோவு தீர்வதில்லை. பொழுது விடிந்து, மறுபடி பொழுது சாய்ந்தும் குழந்தை பிறப்பதில்லை.

இத்தகைய வேளைகளில் பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் உறவினர் வாயிலிருந்து வரும் சொற்களைப் பங்குப் பணியாளர் என்ற முறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். "வலி பொறுக்கத் தெரியாதவள்", "முக்கத் தெரியவில்லை", "மாசக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தாள், அதன் பலன் இது" என்று தாய்மீதே பழி விழுகிறது. குழந்தை நலமாகப் பிறந்து, ஞானஸ்நான விருந்தும் முடிந்த பின்னரும் அந்தச் சொற்கள் அவள் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. உண்மையில் அவளுடைய பொறுமைக்கும் இந்த வேதனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குழந்தை வயிற்றுக்குள் தலையை வைத்திருக்கும் விதமே இதற்குக் காரணம். இதனை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

குழந்தை கிடக்கும் விதம்

பேறுகாலம் நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகள் தலைகீழாக இருக்கும். அவற்றுள்ளும் குழந்தையின் பின்மண்டை தாயின் வயிற்றுப் பக்கமாகவும், முகம் தாயின் முதுகுப் பக்கமாகவும் இருப்பதே எளிதான நிலை. அப்போது குழந்தை தன் மோவாயை மார்போடு சேர்த்து, தலையை நன்றாகக் கவிழ்த்துக்கொண்டு இறங்கும். அவ்வாறு இறங்கும் தலையின் குறுக்களவு ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர்.

சில குழந்தைகள் இதற்கு மாறாக இருக்கும். பின்மண்டை தாயின் முதுகெலும்பை நோக்கியும், முகம் தாயின் வயிற்றை நோக்கியும் அமைந்திருக்கும். இந்நிலையில் தலை நன்றாகக் கவிழ்வதில்லை. மோவாய் சற்றே நிமிர்ந்திருக்கும். அதனால் இறங்கவேண்டிய குறுக்களவு 11.5 சென்டிமீட்டர் வரை ஆகிவிடுகிறது. 2 சென்டிமீட்டர் என்பது நம் கைவிரல் ஒன்றின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறிய வேறுபாடுதான் பல மணி நேர வேதனைக்குக் காரணமாகிறது.

மேலும், குழந்தையின் கெட்டியான பின்மண்டை, தாயின் முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பின்மேல் அழுந்துகிறது. முதுகுவலி விடாமல் இருப்பது இதனாலேயே. தலை கருப்பை வாயில் சமமாகப் பொருந்தாமையால் அது மெல்லவே திறக்கிறது. வலி தொடங்குமுன்னரே பனிக்குடம் உடைந்துவிடுவதும் உண்டு. பின்மண்டை மலக்குடலை அழுத்துவதால், கருப்பை வாய் முழுவதும் திறக்குமுன்னரே முக்கவேண்டும் என்ற உணர்வு தாய்க்கு அடக்கமுடியாமல் எழுகிறது.

ஆறுதலான செய்தியும் உண்டு. பிரசவம் தொடங்கும் வேளையில் ஐந்து அல்லது ஆறு குழந்தைகளுக்கு ஒன்றாவது இந்நிலையில் இருக்கக்கூடும். எனினும் பிறக்கும் வேளையில் இவ்வாறே இருப்பவை 100-க்கு ஏறத்தாழ 5 மட்டுமே. மற்றவை வலியின் போக்கிலேயே சிறிது சிறிதாகத் திரும்பி, நேராகி, நல்லமுறையில் பிறந்துவிடுகின்றன. அவ்வாறு திரும்புவதற்கு வேண்டிய காலம்தான் நீண்ட பிரசவமாக நமக்குத் தோன்றுகிறது. காலம் வீணாகிறது என்று எண்ணற்க. அந்தக் காலத்தில் குழந்தை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தாயின்மேல் பழி வேண்டாம்

தாயின் இடுப்புக்கூடு பிறவியிலேயே அமைந்துள்ள வடிவம், நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருத்தல் போன்றவை இந்நிலைக்கு இடந்தரக்கூடும் என்று மருத்துவர் கூறுவர். இவை எவையும் தாயின் விருப்பத்தால் அமைபவை அல்ல.

"குனிந்து தரையைத் துடைத்திருந்தால் குழந்தை திரும்பியிருக்கும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். மேல்நாட்டாரும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணினர். நியூசிலாந்து நாட்டு மருத்துவச்சி ஜீன் சட்டன் என்பவர், கர்ப்பிணி அமரும் விதத்தாலும் முன்புறம் சாயும் விதத்தாலும் குழந்தையின் நிலை மாறும் என்று 1990-களில் எழுதினார். அக்கருத்து பல நாடுகளில் பரவியது. பின்னர் ஆஸ்திரேலியாவில் 2,500-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கொண்டு அது சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் 37-ஆம் வாரம் முதல் நாள்தோறும் இருமுறை, பத்துப் பத்து நிமிடங்கள், கையும் முழங்காலும் ஊன்றிப் பயிற்சி செய்தனர். 2004-இல் வெளியான முடிவு யாது? பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பிறப்பு நேரத்துக் குழந்தை நிலையில் வேறுபாடே இல்லை. ஆகவே வீட்டுவேலையால் உடல் நலம் பெறலாம். ஆனால் வேலை செய்யாததால் குழந்தை இவ்வாறு ஆயிற்று என்று எந்தத் தாயையும் குற்றம் சாட்ட நமக்கு உரிமை இல்லை.

நம் கைகள் செய்யக்கூடியவை

குழந்தையைத் திருப்புவது நம் கையில் இல்லாவிடினும், வேதனையைத் தணிப்பது பெருமளவு நம் கையில் உள்ளது. அருகில் இருப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

முதலாவது, தாயை மல்லாந்து படுக்கவிடாதீர்கள். மல்லாந்து படுத்தால் குழந்தையின் பாரம் முழுவதும் நோகும் முதுகின்மேலேயே விழுகிறது. மருத்துவர் தடை சொல்லாதவரை அவள் நடக்கலாம். சுவரையோ கட்டிலின் விளிம்பையோ பிடித்து முன்புறம் சாயலாம். நாற்காலியில் திரும்பி அமர்ந்து அதன் சாய்மானத்தை அணைத்துக்கொள்ளலாம். கையும் முழங்காலும் ஊன்றி இருக்கலாம். களைத்துவிட்டால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துக்கொள்ளலாம். இந்நிலையில் குழந்தை உள்ள 147 பெண்களைக் கொண்டு நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வலியின்போது கையும் முழங்காலும் ஊன்றியிருந்தவர்களுக்கு விடாத முதுகுவலி குறைந்தது கண்டறியப்பட்டது. கர்ப்ப காலத்தில் பயன்தராத அதே நிலை, வலிக்கும் வேளையில் ஆறுதல் தருகிறது என்பதைக் கவனிக்க.

இரண்டாவது, முதுகை அழுத்திக் கொடுங்கள். வலி எழும்போது, முதுகின் அடியில் உள்ள எலும்பின்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, உறுதியாக, அசைக்காமல் அழுத்தவேண்டும். வலி தணிந்ததும் கையை எடுக்கவேண்டும். எவ்விடத்தில், எவ்வளவு அழுத்தம் என்பதைத் தாயே சொல்லட்டும். இருவர் இருந்தால் மாறி மாறிச் செய்யலாம். ஏனெனில் ஒருவர் கை விரைவில் ஓய்ந்துவிடும். இடுப்பின் இருபக்கத்திலும் உள்ளங்கைகளை வைத்து உட்புறமாக அழுத்துவதும் பலருக்கு இதம் தரும்.

மூன்றாவது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதுகுக்கு ஒத்தடம் கொடுங்கள். சூட்டை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும் நல்லது.

நான்காவது, மருத்துவர் அனுமதித்தால் இடையிடையே நீரோ கஞ்சியோ சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். சிறுநீரை அடக்கவிடாதீர்கள், நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தை இறங்கும் வழிக்குத் தடையாகும்.

ஐந்தாவது, முக்கவேண்டும் என்ற உணர்வு முன்கூட்டியே எழுந்தால் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். கருப்பை வாய் முழுவதும் திறந்ததா என்று அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை, ஊதி ஊதி மூச்சுவிடுமாறு தாய்க்குத் துணை செய்யுங்கள். வெளியே நின்றுகொண்டு "முக்கு, முக்கு" என்று கூவுதல் உதவியாகாது. வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளுதலோ ஒருபோதும் கூடாது.

இவை யாவற்றுக்கும் மேலாக, தாய் தனித்து இருத்தலாகாது. 2016-இல் இந்திய அரசு, அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் பெண் உறவினர் ஒருவர் துணையிருக்க வழி செய்தது. தாய்மாரின் மறைவுக்குத் தக்க ஏற்பாடுள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்று கூறியுள்ளது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆதலால் யார் உள்ளே செல்வது என்பதை இரு வீட்டாரும் முன்கூட்டியே கர்ப்பிணியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மரியாதைக்காக ஒருவரை அனுப்பவேண்டிய இடம் அன்று அது. எவர் கையைப் பற்றினால் அவளுக்குத் தைரியம் வருமோ, அவரே செல்லட்டும்.

மருத்துவரை நம்பி ஒப்படைக்கவேண்டியவை

பொறுமை என்பது கண்ணை மூடிக்கொண்டிருத்தல் அன்று. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிடினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெளிவரும் நீர் பச்சை நிறமாக இருத்தல், இரத்தப்போக்கு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள். "இன்னும் சற்றுப் பார்க்கலாம்" என்று வீட்டில் காத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

மருத்துவமனையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதோ அவசரப்படுதல் வேண்டாம். முதற்பிரசவத்தில், கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பின்னர் முழுவதும் திறக்கப் பொதுவாக 12 மணி நேரம் வரையும், அதன்பின் குழந்தை வெளிவர 3 மணி நேரம் வரையும் ஆகக்கூடும் என்று அதே 2018 வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தையின் இதயத்துடிப்பும் தாயின் நிலையும் நன்றாக இருக்கும்வரை மருத்துவர் காத்திருப்பார். வலியை விரைவுபடுத்தும் ஊசியைப் போடுமாறு உறவினர் வற்புறுத்துதல் கூடாது. அது தேவையா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

குழந்தை தானே திரும்பாவிடில் மருத்துவர் கையாலேயே தலையைத் திருப்பிப் பார்ப்பதுண்டு. வாக்குவம் கருவியாலோ, ஆயுதத்தாலோ குழந்தையை எடுப்பதும் உண்டு. சில குழந்தைகள் முகம் மேல்நோக்கியவாறே இயல்பாகப் பிறந்துவிடும். இவை எவற்றுக்கும் இடமில்லாதபோது அறுவைச் சிகிச்சை உயிர்காக்கும் வழியாகிறது. அதைத் தோல்வி என்று எவரும் கருதவேண்டாம்.

வேதனையைத் தணிப்பது தவறாகுமா?

"வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டிருக்க, வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று நல்லெண்ணம் கொண்ட சில பெரியவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்விக்குத் திருச்சபை தெளிவாகவே விடை கூறியுள்ளது. 1956-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் மருத்துவர்களுக்கு உரையாற்றியபோது, தொடக்க நூலின் அச்சொற்கள் பிரசவ வேதனையைத் தணிக்கும் வழிகளைத் தாய்மாருக்குத் தடைசெய்யவில்லை என்று விளக்கினார். ஆகவே முதுகில் போடும் எபிடூரல் ஊசி கிடைக்கும் இடத்தில், தாய் விரும்பினால், அதன் நன்மையையும் குறையையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்து முடிவு செய்யலாம். அது வலியை நன்றாகத் தணிக்கும். ஆனால் எழுந்து நடப்பது கடினமாகலாம். குழந்தை வெளிவரும் நேரமும் சற்று நீளலாம். விரும்பாதவளை வற்புறுத்தவேண்டாம், விரும்பியவளை விசுவாசக் குறைவு உள்ளவள் என்று இகழவும் வேண்டாம்.

பிறந்த பின்னர்

இவ்வாறு பிறந்த குழந்தையின் தலை சற்று நீண்டோ வீங்கியோ தோன்றலாம். அது பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகிவிடும். தலையைப் பிடித்து உருவி வடிவம் கொடுக்க முயலவேண்டாம். தாய்க்குப் புண்ணும் தையலும் அதிகமாக இருக்கக்கூடும். ஓய்வும் அதற்கேற்ப அதிகம் வேண்டும்.

அவளுக்கு மற்றொன்றும் வேண்டும். அந்த நீண்ட இரவில் நடந்ததை அவள் சொல்ல, ஒருவர் இருந்து கேட்கவேண்டும். "எல்லாம்தான் நல்லபடியாக முடிந்ததே" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். வாரங்கள் கடந்தும் அவள் காரணமின்றி அழுதாலோ, குழந்தையைத் தொடவும் மனமின்றி இருந்தாலோ, கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புக்குரிய கணவன்மாரே, மாமியார்மாரே! எளிதாகப் பெற்றவளைவிட இவள் குறைந்தவள் அல்லள். பாதை நெருக்கமாய் இருந்தது, பயணம் நீண்டது, அவள் நடந்து முடித்தாள். இதனை நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். கையால் அவள் முதுகைத் தாங்கிய நாம், சொல்லால் அவள் மனத்தையும் தாங்கக் கடமைப்பட்டுள்ளோம்.