பாட்டு ஒட்டாத மனசு

சேதுச் சீமையில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பாஸ்கர சேதுபதியின் ராமநாதபுரம் அரண்மனை வித்வான்களை ஆதரித்தது. ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார் இந்த ஊர்ப் பெயரோடுதான் அறியப்பட்டார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவருடைய சீடர். பாடகர் நாகூர் ஹனிபா பிறந்ததும் ராமநாதபுரத்தில்தான். ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் ராக்கெட் விஞ்ஞானி மட்டுமல்ல, வீணையும் வாசித்தவர்.

அப்படிப்பட்ட மண்ணில் ஒருவர், “எனக்குப் பாட்டுன்னா ஒண்ணுமே தோணாது” என்றால் சும்மா விடுவார்களா? “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்பார்கள். கல்நெஞ்சக்காரர் என்ற பட்டமும் வரும். கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டி முதல் பாட்டைப் போட்டதுமே பந்தலில் பாதிப்பேர் தொடையில் தாளம் தட்ட ஆரம்பிப்பார்கள். இவருக்கு அது மிக்ஸி ஓடுகிற சத்தம் மாதிரிதான். சொன்னால் வம்பு என்று அவரும் தலையாட்டி வைப்பார்.

இப்படிக் கேலி பேசுவது அநியாயம். பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் ஜோசப் மார்க்கோ பய்யாரெஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 30 பேர் கலந்துகொண்டார்கள். இசையில் கரைந்துபோகிறவர்கள், ஓரளவு ரசிப்பவர்கள், அறவே ஒட்டாதவர்கள் என்று பத்துப் பத்துப் பேர். பாட்டைப் போட்டு இதயத் துடிப்பையும் தோலில் உண்டாகும் மாற்றத்தையும் அளந்தார்கள். மூன்றாவது கூட்டத்திடம் பெரிய சலனம் இல்லை. ஆனால், பணம் ஜெயிக்கும் விளையாட்டு என்றதும் மற்றவர்களைப் போலவே அவர்களும் பரபரப்பானார்கள். ஆக, உணர்ச்சி செத்தவர்கள் இல்லை. சோகப் பாட்டு எது என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது. அந்தச் சோகம் உள்ளே இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

சுருதி பேதமே பிடிபடாதவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு மெட்டே குழம்பும். பாட்டு ஒட்டாதவர்களுக்கோ காதில் எந்தப் பழுதும் கிடையாது.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. ஒலியை அலசும் பகுதிக்கும் இன்பத்தை உண்டாக்கும் பகுதிக்கும் நடுவே தகவல் போக்குவரத்து இவர்களிடம் குறைவு என்பதை 2016-இல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் இப்படி இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பெரிய கல்யாணப் பந்தி ஒன்றில் பத்துப் பேராவது தேறுவார்கள்!

ஸ்வீடனில் 9,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. இசையை ரசிப்பதில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மரபணு வழி வருகிறது என்றது அது. ஸ்வரத்தையும் தாளத்தையும் இனம்காணும் திறனுக்கான மரபணுக்களும், ரசனைக்கான மரபணுக்களும் ஓரளவு வெவ்வேறு என்றும் அது கண்டது. வித்வான் வீட்டுப் பிள்ளை சுருதி பிசகாமல் பாடிவிட்டு, அந்தப் பாட்டில் துளியும் மனம் ஒட்டாமல் எழுந்து போவதும் நடக்கக்கூடியதே.