தனி அறையும் பொது முற்றமும்

பலர் கூடி உழைக்கும் இடத்தில் துணையும் வேண்டும். குறுக்கீடற்ற அமைதியும் வேண்டும். இவ்விரண்டையும் ஓரிடத்தில் இணைப்பது எங்ஙனம்? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் தந்தை கணினியில் அலுவல் பார்க்கிறார். அன்னை தையல் இயந்திரத்தை மிதிக்கிறார். மகள் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறாள். அருகருகே இருந்தும் எவருக்கும் மன ஒருமை வாய்ப்பதில்லை.

இதற்கு வழி கண்டோர் தாம்பரத்திற்குக் கிழக்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரத்தில் உள்ளனர். அங்குள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தை, சென்னை அரசினர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் தம் மாணவர்களுடன் நிறுவினார். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஈட்டிய பணத்தில் நிலம் வாங்கினர். ஒவ்வொருவரும் தமக்கென வீடு கட்டி, அதிலேயே ஓவியமோ சிற்பமோ படைத்தனர். கைவினைப் பட்டறை, காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு ஆகியவை அனைவருக்கும் பொது. கதவை அடைத்தால் தனிமை; முற்றத்திற்கு வந்தால் தோழமை. பணிக்கர் 1977-இல் மறைந்த பின்னரும் அக்கிராமம் நிலைத்து நிற்கிறது.

திருச்சபையும் இம்முறையை நெடுங்காலமாக அறியும். புனித புரூனோ 1084-இல் பிரான்சு நாட்டில் தொடங்கிய கர்த்தூசியன் துறவு வாழ்வில் ஒவ்வொரு துறவிக்கும் சிறு தோட்டத்துடன் தனி இல்லம் உண்டு. கூரையிட்ட நடைவழி ஒன்று அவ்வில்லங்களை இணைக்கிறது. பெரும்பொழுதைத் தனிமையில் கழிப்போர் ஆலயத்தில் ஒன்றுகூடிச் செபிக்கின்றனர்.

ஈரிடத்தும் நாம் காணும் பாடம் ஒன்றே: மௌனத்திற்கு ஓர் இடம், உரையாடலுக்கு வேறோர் இடம். இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டுமே கெடும்.

இதை நம் பங்குகளிலும் செயற்படுத்தலாம். வாரநாள்களில் பூட்டிக் கிடக்கும் பங்கு மன்றத்தை மாலை வேளையில் திறந்து வைப்போம். மேசைகளைச் சுவரை நோக்கி இடுவோம். உள்ளே பேச்சு வேண்டா. வராந்தாவில் இரண்டு விசுப்பலகைகளும் ஒரு பானைத் தண்ணீரும் இருக்கட்டும். களைத்தவர் அங்கே அமர்ந்து பேசட்டும். சாவியின் பொறுப்பை மூத்தோர் சிலர் முறைவைத்து ஏற்கவேண்டும். செலவு மின்கட்டணம் அளவே.

இல்லத்திலோ இடத்திற்குப் பதிலாக நேரத்தைப் பகிரலாம். மாலை ஏழு முதல் எட்டரை வரை தொலைக்காட்சியும் தையலும் ஓயட்டும். அதன்பின் குடும்பச் செபம், உணவு, உரையாடல். படிக்கும் பிள்ளைக்கு நாம் அளிக்கும் அந்த ஒன்றரை மணி நேர அமைதி, எத்தனையோ அறிவுரைகளினும் மேலான துணையாகும்.