அழகு மீனை வளர்க்கும் குடல் கிருமி!

கிருமி என்றதும் காய்ச்சலும் பேதியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எல்லாக் கிருமியும் எதிரி அல்ல. பாலைத் தயிர் ஆக்குவது கிருமி. இட்லி மாவைப் பொங்க வைப்பதும் கிருமி.

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் அழகு மீன்களின் குடலிலும் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. மீன் தின்னும் தீனி செரிக்க அவை உதவி செய்கின்றன. செரித்த தீனிதானே உடம்பில் ஒட்டும்!

வயிறு இல்லாத மீன்

தங்க மீனுக்கு இரைப்பையே கிடையாது! தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. செரிக்கும் வேலை முழுவதும் அங்கேதான்.

குடலில் கிருமியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உடம்பில் வரி போட்ட சின்னஞ்சிறு 'சீப்ரா' மீனைக் கிருமி அண்டாத நீரில் வளர்த்தார்கள். அந்த மீன்களின் குடல் சுவரில் புதிய உயிரணுக்கள் உண்டாவது குறைந்துவிட்டது. இது 2004-ல் வெளிவந்த செய்தி. கிருமி உள்ள மீன்களின் குடல், கொழுப்பை அதிகமாக உறிஞ்சுகிறது என்பது 2012-ல் தெரிந்தது.

குழம்பு மீன் செய்த உதவி

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர்கள், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வளக் கல்வி நிறுவன விஞ்ஞானிகள்.

மிர்கால் என்பது கெண்டை இனம். குழம்புக்குப் போகும் மீன். அதன் குடலில் இருந்து 'பேசில்லஸ் சப்டிலிஸ்' என்ற கிருமியைப் பிரித்து எடுத்தார்கள். அதைத் தீனியில் கலந்து கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்களுக்குக் கொடுத்தார்கள்.

மீன்கள் நீளத்திலும் எடையிலும் கூடின. சாவு குறைந்தது. குடலில் கெட்ட கிருமிகளும் குறைந்தன. இந்த முடிவுகள் 2008-ல் வெளிவந்தன.

இந்த நால்வகை மீனும் முட்டை இடுவது இல்லை. குட்டி போடும். கிருமி கலந்த தீனி தின்ற தாய் மீன்கள் கூடுதலாகக் குட்டி போட்டன. ஊனக் குட்டிகள் குறைந்தன. சென்னை கொளத்தூரில் அழகு மீன் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. குட்டி பிழைத்தால்தான் வளர்ப்பவர் வீட்டில் அடுப்பு எரியும்!

மீனுக்கு நோய் வந்ததும் சிலர் கிருமிக்கொல்லி மருந்தைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

தயிர் ஊற்றலாமா?

பேசில்லஸ் கிருமி கெட்டிக்காரக் கிருமி. உணவு தீர்ந்தால் தடித்த ஓட்டுக்குள் பதுங்கித் தூங்கும். குடலுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். அதனால்தான் உலர்ந்த தீனியிலும் அதைக் கலக்க முடிகிறது.

தயிரிலும் நல்ல கிருமி உண்டே, தொட்டியில் ஒரு கரண்டி விடலாமே என்று எண்ணிவிட வேண்டாம். தயிர் நீரில் அழுகும். பிராணவாயு குறையும். விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்!