நாய்க்குட்டிகளின் கழிச்சல்

ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் குறையாத ஜொகூரின் மண், நாயின் குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பிழைத்திருக்க ஏற்றது. இப்புழு தோலைத் துளைத்து மட்டுமன்றித் தாய்ப்பால் வழியாகவும் குட்டியை அடைவதால், கூட்டைவிட்டு வெளிவராத குட்டிக்கும் கழிச்சல் தோன்றக்கூடும். அதனாலேயே இரண்டு வார வயதில் குடற்புழு நீக்கம் தொடங்கப்படுகிறது. அன்பு மிகுதியால் ஊற்றப்படும் பசும்பாலும், அதிலுள்ள பாற்சர்க்கரை செரிக்காதபோது, கழிச்சலை உண்டாக்குகிறது.

இவற்றினும் கொடியது, 1978இல் கண்டறியப்பட்டு ஈராண்டுகளில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் ஆகும். குடலின் உட்சுவரையும், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் அது ஒருசேரத் தாக்குவதால், வாந்தியும் நாற்றமிக்க இரத்தக் கழிச்சலும் கண்ட குட்டி, உடல்நீர் வற்றி ஓரிரு நாளில் இறக்க நேரிடும். பல மாதங்கள் மண்ணில் நிலைக்கும் இவ்வைரஸ் சோப்பு நீருக்கு அழியாது. துப்புரவு செய்த தரையில், முப்பது பங்கு நீரில் ஒரு பங்கு குளோரின் வெளுப்பு நீர்மம் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளிவிட்டுத் தொடரப்படுகிறது.

கழிச்சல் கண்டும் சுறுசுறுப்புக் குறையாத குட்டிக்குத் தூய நீரும், உப்பும் மசாலையும் சேராத கோழியிறைச்சிக் கஞ்சியும் சிறிது சிறிதாகத் தரலாம். சர்க்கரை குறைந்து மயங்கும் என்பதால் பட்டினி போடுதல் தகாது. மனிதருக்கான கழிச்சல் மாத்திரை அதனினும் தகாது. ஈறு வெளுத்தாலோ இரத்தம் தென்பட்டாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.