முதுகுச் சதை காலுக்கு வந்த கதை

பர்கூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். லாரி மோதியதில் மகனுக்குக் கணுக்காலுக்கு மேலே சதை பிய்ந்து எலும்பு தெரிந்ததாம். முதுகுச் சதையை எடுத்து வைத்துக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். "ஆனா அந்த இடம் இட்லி வெச்சுக் கட்டின மாதிரி உப்பலா இருக்கு, வத்துமா?" என்று கேட்கிறார்.

வற்றும். அது வற்றும் விதத்தைச் சொல்லத்தான் எனக்கும் ஆசை.

வெற்றெலும்பின் மேல் தோலை மட்டும் ஒட்டினால் பிடிக்காது; அடியில் ரத்தம் ஓடும் சதை வேண்டும். கணுக்கால் பக்கம் இழுத்து மூடச் சதையே கிடையாது. அதனால் முதுகின் அகன்ற தசையையோ உள்தொடைத் தசையையோ ரத்தக்குழாயோடு அறுத்தெடுத்து, காலின் தமனியோடும் சிரையோடும் மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். குழாய் 2, 3 மில்லிமீட்டர்தான். ஜவுளிக்கடையில் நூலைத் தடவியே கவுண்ட் சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தத் தையல் நூலோ தலைமுடியைவிட மெல்லியது, விரலுக்கே தட்டுப்படாது.

சந்தூர் நர்சரியில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். சதை அவ்வளவு பொறுக்காது. தைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். அதனால்தான் ராத்திரியெல்லாம் நர்ஸ் வந்து நிறம் பார்க்கிறார். வெளுத்தால் தமனி அடைப்பு, கருநீலமானால் சிரை அடைப்பு. உடனே மறுபடி தியேட்டர்.

ரத்தக்குழாயை இவ்வளவு பாடுபட்டு இணைப்பவர்கள் நரம்பை அறுத்தபடியே விட்டுவிடுகிறார்கள். மூடுவதற்கு வைத்த சதை அசைய வேண்டியதில்லையே. சோறு உண்டு, வேலை இல்லை. வேலையில்லாத தசை மாதக்கணக்கில் மெலிந்து, காலின் வடிவத்துக்கே படிந்துவிடும். உயிர் மட்டும் போகாது.

இதில் நேரம்தான் பெரிது. லுப்லியானா நகர மருத்துவர் மார்க்கோ கோடினா எடுத்த 532 பேரின் கணக்கு 1986-இல் வெளியானது. 72 மணி நேரத்துக்குள் செய்ததில் தோற்றது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதைத் தாண்டி மூன்று மாதத்துக்குள் செய்ததில் 12 சதவீதம். நம் கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்களும், நசுங்கிய காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையை 2006-இல் வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இத்தனை இருந்தும் திறந்த காயத்தில் காப்பித்தூளை அப்பி, மாவுக்கட்டுப் போட்டு நாளைக் கடத்துகிறோம். கிரானைட் குவாரியில் கல் விழுந்த என் சித்தப்பாவை அப்படித்தான் நான்கு நாள் வீட்டில் வைத்திருந்தோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அம்மா, ஒன்று மட்டும். ஒட்டிய இடத்தில் சூடு உறைக்காது. தம்பியைப் பைக்கில் ஏற்றும்போது சைலன்சர் பக்கம் அந்தக் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.